ஏழு நாற்பதுக்கு ரோட்டில் நிற்க வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தபோது பெங்களூரிலிருந்து தம்பி மகன் கூப்பிட்டான்.

"அத்தை, ஆடி பதினெட்டுக்கு ஒரு நாள் ரோடு ட்ரிப் போறோம். கடத்தூர் டு ஒகேனக்கல். ரெண்டு காரு. பிளான குரூப்புல போட்டிருக்கன், பாத்தீங்களா?"

பார்த்தேன். கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. எங்கே டீ, எங்கே பாத்ரூம், எங்கே போட்டோ, எதற்கு எத்தனை நிமிஷம் என்று எல்லாம் இருந்தது. நான்காவது கட்டத்தில் நான் இருந்தேன். 'அத்தை பிக்கப், 7.40, இரண்டு நிமிடம்.' எனக்குக் கீழே ஐந்தாவது கட்டத்தில் இட்லிக் கடை. அதற்கு இருபத்தைந்து நிமிடம்.

"வூட்டுக்குள்ள வந்தா லேட்டாயிடும் அத்தை. நீங்க ஏழு நாப்பதுக்கு ரோட்டுல வந்து நின்னுடுங்க. நாங்க வந்து அப்படியே ஏத்திக்கிறோம்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. "எடுபட்ட பயலே" என்பது அதில் மரியாதையான பகுதி. பையன் பயந்துபோய், "நெட்வொர்க் சரியில்லீங்க அத்தை" என்று வைத்துவிட்டான்.

அவன் மேல் தப்பில்லை. அவன் பிறப்பதற்கு முன்னால் அவன் அப்பன் 'ரோட்டுல வந்து நின்னுடு' என்று இதே வார்த்தையை என்னிடம் சொன்னான். அப்போதும் ஆடி பதினெட்டு. அதே கடத்தூர், அதே ஒகேனக்கல். நேரம்கூட ஏழு நாற்பதுதான் என்றால் நம்புவீர்களா? அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது போல.

எனக்குக் கல்யாணமான முதல் ஆடி அது. ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆனால் நான் அப்போதுதான் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இண்டூர் தாண்டி, பென்னாகரத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் என் மாமியார் ஊரில்தான் அந்தப் பால்வாடி. ஒரு மாதமெல்லாம் லீவு கிடையாது. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தார், வாரத்துக்கு ஒருநாள் வருவார். அதனால் அம்மாவுக்கு மிச்சமிருந்தது பதினெட்டாம் பெருக்கு ஒன்றுதான். அன்றைக்கு ஆற்றில் என்னைத் தலைமுழுகவைத்துத் தன் கையால் எனக்குப் புதுத் தாலிக்கயிறு மாற்றிவிட வேண்டும். அதை ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பயணமே அதற்காகத்தான். மற்றதெல்லாம், மீன் வறுவல், பரிசல், எண்ணெய் தேய்ப்பு எல்லாம், கூட வந்தவர்களுக்கு.

பிளான் போட்டது தம்பி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ்ஸுக்கு டைம் கீப்பராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு மனிதனைக் கெடுக்க அந்த மூன்று மாதம் போதும் என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவான். தோசை ஒரு நிமிஷம் தாமதமானால் மணியைப் பார்ப்பான். கோடு போட்ட நோட்டில் வேன் எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

முந்தின வாரமே என் வீட்டுக்கு வந்து விவரம் சொன்னான். "அக்கா, வூட்டாண்ட வேன நிறுத்த முடியாது. நிறுத்துனா ஒங்க மாமியாரு காப்பி வெப்பாங்க, அப்பறம் உப்புமா கிண்டுவாங்க, பதினெட்டுப் பேரும் எறங்கி ஒரு மணி நேரம் போயிடும். நீ ரோட்டுக்கு வந்து புளியமரத்துக்கிட்ட நின்னுடு. ஏழு நாப்பது."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டி நின்றால் இறங்க வேண்டும். இறங்கினால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கை நனைக்காமல் எழுந்திருக்க முடியாது. அதைவிடப் பெரிய வினை, நிற்காமல் போவது. வாசலைத் தாண்டிப் போனதை ஒருவர் பார்த்துவிட்டால் போதும், பத்து வருஷத்துக்கு அந்தப் பேச்சு ஓடும். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் போனால், "என்ன, இன்னிக்கு வண்டி நிக்குதாட்டிருக்குது" என்பார்கள். அதனால் எங்கள் ஆட்கள் ஒரு பயணத்துக்கு வழி போடும்போது ரோட்டைப் பார்ப்பதில்லை. எந்த ரோட்டில் யார் வீடு இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில்தான் பெரியத்தை வருகிறாள். அப்பாவுக்கு அக்கா. இண்டூரில் ரோட்டைப் பார்த்த வீடு. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால் போகிற வருகிற வண்டியெல்லாம் அவள் கணக்கில் வந்துவிடும். வேனில் இடம் இல்லை என்று அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் அவள் வாசல் வழியாகவே எப்படிப் போவது? இந்த யோசனை அப்பாவுக்கு முன்னாலேயே வந்திருக்கலாம். வரவில்லை. அன்று காலை வேன் தர்மபுரியைத் தாண்டும்போது வந்தது.

அப்பா டிரைவரிடம், "இண்டூரு வேண்டாம்ப்பா, பாப்பாரப்பட்டி மேல விடு" என்றிருக்கிறார். வேன் திரும்பிவிட்டது. என் புளியமரம் இண்டூர் ரோட்டில் இருக்கிறது. அதன் கீழே நான் நின்றுகொண்டிருந்தேன்.

எப்படி நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். பொழுது விடியுமுன் எழுந்து பதினெட்டுப் பேருக்குப் புளிசோறு கிளறி, ஓர் அலுமினியக் குண்டானில் அழுத்தி, வாழை இலை போட்டு மூடி, மேலே துணியால் வேடு கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவை வேறு. ஆற்றில் முழுகப் போகிறவள் எதற்குப் பட்டுக் கட்ட வேண்டும்? தாய்வீட்டு வேன் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவதை ஊர் பார்க்க வேண்டும். புதுப்பெண்ணுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி?

ஏழு நாற்பதுக்கு வேன் வரவில்லை. எட்டுக்கு வரவில்லை. எட்டேகாலுக்கு ஒரு பஸ் வந்தது. ஆடிப் பெருக்கு அன்று நிற்கவே நிற்காத பஸ், என்னைப் பார்த்துவிட்டு நின்றது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் கீழே குதித்தார்.

"ஒகேனக்கல்தானேம்மா? ஏறு, உள்ள எடம் பண்ணித் தர்றன்."

"நீங்க போங்கண்ணா. எங்க வேன் வருது."

"இன்னிக்கு எந்த வேனும்மா சொன்ன நேரத்துக்கு வருது? அந்தக் குண்டானக் குடு, நான் புடிச்சுக்கிறன்." இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்க வேன் வருதுண்ணா" என்றேன் மறுபடியும், முகவாயைக் கொஞ்சம் தூக்கி. அவர் சிரித்துக்கொண்டே விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை. பஸ்கள் கூரை வரைக்கும் ஆட்களை அடைத்துக்கொண்டு போயின. நானும் கை காட்டவில்லை. இந்தப் பக்கம் நான் பஸ் ஏறினதும் அந்தப் பக்கம் வேன் வந்து நின்றால், அம்மா என்னைத் தேடுவாளே என்ற பயம். வெயில் ஏறியது. குண்டானைத் திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது, மூடிவைத்தே கெட்டுப்போய்விடுமோ என்று.

மத்தியானம் ஒரு டிராக்டர் வந்து மர நிழலில் ஒதுங்கியது. ஏதோ ஓர் ஊர்ச்சனம் தங்கள் அம்மனை ஆற்றில் குளிப்பாட்டித் திரும்பக் கொண்டுபோகிறார்கள். ஈரத்தலையோடு முப்பது பேர், பம்பைக்காரர்கள் இரண்டு பேர், நடுவில் ஈரப் பாவாடையோடு அம்மன். பிள்ளைகள் பசியில் அழுதன. நான் குண்டானில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். பதினெட்டுப் பேர் சோறு முப்பது பேருக்கு வந்தது. ஒரு பம்பைக்காரர் இலைத் துண்டை வழித்து நக்கிவிட்டு, "யாரு வேண்டுதலம்மா இது?" என்று கேட்டார்.

"எங்கம்மா வேண்டுதலுங்க" என்றேன். அதுவரைக்கும் வராத அழுகை அப்போது வந்தது. அவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

காலிக் குண்டானோடு வீட்டுக்கு வந்தேன். மாமியார் என் புடவையையும் காய்ந்த தலையையும் பார்த்தார். "உங்கூட்டு வேனு ஆத்துல போயிடுச்சா?" என்றார். நான் குண்டானைக் கழுவப் போய்விட்டேன். பேசியிருந்தால் இரண்டு வீட்டு உறவும் அத்தோடு முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை தம்பி பஸ்ஸில் வந்தான், கழுத்தில் விசிலோடு. பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றிய கதையைச் சொன்னான். பென்னாகரத்திலிருந்து திரும்பி வந்து என்னைக் கூட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தார்களாம். கூட்டத்தில் வேனைத் திருப்ப முடியவில்லையாம்.

"அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"புள்ள நின்னுக்கிட்டு இருப்பாளேடான்னு அழுதுச்சு. அக்காவுக்குத் தெரியாத ரோடா, பஸ்ஸப் புடிச்சு வந்துரும்னு நான்தான் சொன்னன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன அப்பறம்? நீ வருவ வருவன்னு ஒகேனக்கல் பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கிச்சு. வர்ற பஸ்ஸுலல்லாம் ஏறி எட்டிப் பாக்குது. மத்தியானம் வரைக்கும் குளிக்கவே வரல. அதுனால ரிட்டர்னு ஒன்றரை மணி நேரம் லேட்டு."

லேட்டாம்! அவனுக்கு அதுதான் வருத்தம். கண்டக்டர் இரண்டு கையையும் நீட்டினாரே, அது நினைவுக்கு வந்தது. அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒன்பதரைக்கெல்லாம் அம்மா முன்னால் இறங்கியிருப்பேன்.

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். ஆற்று நீரில் நனைத்து மஞ்சள் பூசிய கயிறு. "அம்மா குடுத்துச்சு. நீயே மாத்திக்குவியாம்."

"அங்க போட்டுட்டுப் போடா" என்றேன். காப்பி தரவில்லை. வீட்டுக்கு வந்தவனைக் கை நனைக்காமல் அனுப்பினேன். அவன் அதற்கும் மணியைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அந்தக் கயிற்றை நான் மாற்றிக்கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் போட்டேன். தீபாவளிக்குக் கடத்தூர் போனபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "கயிறு மாத்திக்கிட்டியா?"

"ம்" என்றேன்.

அந்த ஓர் எழுத்துப் பொய்க்குத்தான் இன்றுவரை என்மேல் எனக்கு ஆத்திரம். 'நீ மாத்திவிடுவன்னு வெச்சிருக்கன்' என்று சொல்லியிருந்தால் அங்கேயே கிணற்றடியில் உட்காரவைத்து மாற்றியிருப்பாள். ஆறு எதற்கு? வேன் எதற்கு? அவளும் புளியமரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் பஸ் ஸ்டாண்டைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன். மார்கழியில் நெஞ்சு வலி என்று படுத்தவள் பொங்கலுக்கு இல்லை.

இழவு வீட்டில் பெரியத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "என்னிய ஏமாத்தறதுக்கு ஒங்கப்பன் ஊரச் சுத்திப் போனானாம்மே? நான் எங்கடி அன்னிக்கு வூட்ல இருந்தன்? மொத நாளே எங்கூரு டிராக்டர்ல ஆத்துக்குப் போயிட்டன். என்னப் பாத்ததும் தண்ணில முங்குன பாவி எந்திரிக்கவே இல்ல."

சிரிப்பதா, அப்பாவைப் போய் இரண்டு உலுக்கு உலுக்குவதா என்று தெரியவில்லை. கட்டிலில் உட்காராத ஒருத்திக்குப் பயந்து, மரத்தடியில் நின்ற ஒருத்தியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! பெற்ற பெண் நடுரோட்டில் நிற்பது மானக்கேடாகப் படவில்லை. அக்கா வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் மானக்கேடு. அப்பா பிறகு பல வருஷம் இருந்தார். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் கேட்டிருந்தால் பேசியிருப்பாரோ என்னவோ. கேட்கிற அளவுக்கு என் கோபம் ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்த பிறகு, அதாவது எனக்கு ரத்த அழுத்தம் இறங்கிய பிறகு, தம்பி மகனை நானே கூப்பிட்டேன். "டேய், வூட்டு வாசல்ல வண்டி நிக்கணும். எல்லாரும் எறங்கணும். ஒரு வாய் தண்ணியாவது குடிக்கணும். அப்பத்தான் நான் ஏறுவன்" என்றேன்.

"அப்டின்னா நாப்பது நிமிஷம் எக்ஸ்ட்ரா ஆவும் அத்தை... அப்பாகிட்ட கேக்கறன்" என்றான். கேட்கட்டும். அவன் அப்பனுக்குக் காரணம் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நடந்து ரோட்டுக்குப் போனேன். சும்மாதான். ரோட்டை அகலப்படுத்தியபோதே புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். அடிமரம் இருந்த இடத்தில் வெள்ளைக்கோடு ஓடுகிறது. பெரியத்தையும் இல்லை, அவள் கட்டில் போடும் வாசலும் ரோட்டுக்குள் போய்விட்டது. இப்போது யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாலும் யாருக்கும் கோபம் வருவதில்லை. யாரும் பார்ப்பதும் இல்லை.

ஒகேனக்கல் பஸ் ஒன்று வந்தது. கை காட்டினேன். கதவை மூடிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு யாராவது கீழே குதித்து, "குண்டானக் குடும்மா" என்று கை நீட்டினால், சொல்லி முடிப்பதற்குள் ஏறிவிடுவேன். ஏறி என்ன செய்ய? அங்கே பஸ் பஸ்ஸாக ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க இப்போது யாரும் இல்லை.