பெயின்ட்டுக்கு அடியில் ஒரு போல்ட்

கார் ஏசியில் கரண்ட் கோளாறு கண்டுபிடிப்பதில் என் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோபத்திலும் அப்படித்தான். சுருக்கென்று மூக்குக்கு மேல் வந்துவிடும், இறங்க மாசக்கணக்கு ஆகும்.

அவர் தங்கை டாக்ஸி ஓட்டுகிறாள். தங்கை புருஷன் பெயின்டர். எங்கள் ஷெட்டை ஒட்டித்தான் அவர் ஷெட்டும். ஒருநாள் வாடிக்கைக்காரர்கள் முன்னால் இவர், “பெயின்ட் அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?” என்று வாயை விட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இரண்டு மாதம் முன்பு அவள் காரின் முன்பக்கம் இடிபட்டது. பெயின்டர் புதுக் கார் மாதிரி ஆக்கிக் கொடுத்தார். அதிலிருந்து ஏசி மக்கர். காற்று வரும், குளிர் வராது. அண்ணனிடம் வந்து கேட்டாள்.

“உன் வீட்டுக்காரனையே பாக்கச் சொல்லு” என்றார் இந்த மகராசன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வேறு இரண்டு கடை ஏறி இறங்கினாள். ஒருத்தன் கேஸ் நிரப்பினான், இன்னொருத்தன் கம்ப்ரஸரையே மாற்றினான். கரண்ட் பார்க்கிற மீட்டரைக் கையில் எடுத்தவன் ஒருத்தனும் இல்லை.

நேற்று மத்தியானம் காரை நேராக எங்கள் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். நாலு மணிக்கு டாக்ஸி கம்பெனியில் சோதனை. ஏசி வேலை செய்யாவிட்டால் அவள் வண்டிக்கு இனி சவாரி கிடையாது.

“பாக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடு அண்ணா.”

முறைத்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். ஃப்யூஸ் சரி. ரிலே சரி. கம்ப்ரஸருக்குப் போகிற வயரில் கரண்ட் இருந்தது. ஏசியைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை, கம்ப்ரஸரிலிருந்து கரண்ட் திரும்புகிற எர்த் வயரின் முனையிலும் வைத்தார். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் நாலு வோல்ட் காட்டியது. ஹெட்லைட்டுக்குக் கீழே அந்த வயரை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் தகரமே தெரியவில்லை. பளபளவென்று பெயின்ட்.

“எந்த அறிவுகெட்டவன் எர்த் மேல பெயின்ட் அடிச்சான்? கரண்ட் எப்படிய்யா திரும்பிப் போகும்?” தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

பெயின்டர் வாசலில் வந்து நின்றார். “தப்பு என்னுதுதான். வயரைத் திருப்பி மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். நீங்கதான் முகம் கொடுத்துப் பேசறதில்லையே.”

இவர் பதிலுக்கு எகிறுவதற்குள், நாத்தனார் உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். தகரம் வெள்ளையாகத் தெரிந்ததும் நிமிர்ந்தாள்.

“அவர் மேல கோவம், சரி. என் மேல என்ன கோவம்ணா? ரெண்டு மாசமா வெந்து செத்தேன். பத்து நிமிஷ வேலை இது.”

இவர் வயரை வைத்து போல்ட்டை முடுக்கினார். அவள் ஏறி ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது, குளிர் வந்தது. இவர் ஏதோ சொல்லக் குனிந்தார். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

ஐந்து மணிக்கு எனக்கு போன் வந்தது. “பாஸ் ஆயிடுச்சு அண்ணி. அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம்.”

இவர் என் போனையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை. வேண்டுமானால் போய்க் கேட்கட்டும், தங்கச்சி வீட்டுக்கு வழி தெரியாதா என்ன?