பிரேக்கம்மா டூலா தேடிய கதை

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தேர்ச்சியா தோல்வியா என்று எழுதுவது அவளுக்குப் பதினொரு வருட உத்தியோகம். வாயே திறக்க மாட்டாள். தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் வலது காலை மட்டும் தயாராக வைத்திருப்பாள். அந்த மௌனத்திலேயே பாதிப் பேரின் வண்டி நடைபாதையில் ஏறிவிடும். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா.

பிரேக்கம்மாவுக்கு இப்போது ஏழாம் மாதம். பிரசவ அறையில் கூட இருக்க ஆள் வேண்டும். அம்மா இல்லை. கணவனோ, தடுப்பூசி போடப் போய், ஊசியைப் பார்த்ததுமே நர்ஸின் தோளில் சாய்ந்த மகா தைரியசாலி. அதனால்தான் டூலா தேடினார்கள். டூலா என்றால் வைத்தியம் பார்ப்பவர் அல்ல. வலி தொடங்கியதிலிருந்து குழந்தை வரும்வரை பக்கத்திலேயே இருந்து, முதுகைத் தடவி, தெம்பு சொல்லும் துணை. தனியாகக் கிடந்து துடிக்க வேண்டி வருமோ என்று அவளுக்கு உள்ளூர உதறல்தான். வெளியே காட்டிக்கொள்வாளா? மூச்!

டூலாக்களை நேர்காணல் செய்ய, மதிப்பெண் தாளோடு சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தாள். முதலில் வந்தவர் தன் பெருமையை நாற்பது நிமிடம் அளந்தார். மேசைக்கு அடியில் வலது கால் ஏழு முறை தரையை மிதித்தது. கால் மிதித்தால் ஆள் தோல்வி என்பது கணவனுக்குத் தெரியும்.

அடுத்தவர், "வலின்னு நினைக்காதீங்க மேடம், அலைன்னு நினைச்சுக்கோங்க" என்றார். ஒரே மிதி. மேசையில் இருந்த தம்ளர் குலுங்கியது.

"இப்படியே போனா கொழந்தை ஸ்கூல்ல சேர்ந்தப்புறம்தான் டூலா கிடைப்பாங்க" என்று முணுமுணுத்தான் கணவன்.

மூன்றாவதாக வந்த பெண்மணி உட்கார்ந்தார். பிரேக்கம்மா வழக்கம்போல் பேசவில்லை. அவரும் பேசவில்லை. இரண்டு நிமிடம். மூன்று. கடைசியில் பொறுக்க முடியாமல் பிரேக்கம்மாவே கேட்டாள்.

"ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?"

"நீங்க பேசுவீங்கன்னு இருந்தேம்மா." அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அந்தக் கால் என்ன பண்ணுது?"

"பிரேக் போடுது" என்று உளறிக் கொட்டினான் கணவன்.

அவள் அவனை முறைத்தாள். முறைத்த கண்ணிலேயே தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "பிரசவத்தன்னைக்கு என் பக்கம் பிரேக் இருக்காதே. நான் என்னதாங்க பண்ணுவேன்?"

அவர் சமாதானம் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "மிதிக்கணும் போல இருந்தா என் காலை மிதிச்சுக்கோங்க."

மதிப்பெண் தாள் காலியாகவே இருந்தது. ஆள் முடிவாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் வலி எடுத்து, மாலையில் மகள் பிறந்தாள். இடையில் ஒவ்வொரு வலிக்கும் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, சொன்னது போலவே டூலாவின் காலை மிதித்தாள். மௌனமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவள் போட்ட கூச்சலில் கணவன் வராந்தாவிலேயே சரிந்திருந்தான்.

குழந்தையை மார்பில் போட்டதும், வேர்த்து வழிந்த முகத்தோடு திரும்பி, எல்லோரும் தன்னிடம் கேட்கும் அந்தக் கேள்வியை வாழ்க்கையில் முதல் முறையாக அவள் கேட்டாள்.

"அக்கா... நான் பாஸா?"

வீங்கிய கால் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "பாஸ்தாம்மா. பிரேக் மட்டும் கொஞ்சம் ஓவர்."