தண்ணீர் வந்த வழி

ஓடும் தண்ணீரை முதன்முதலில் கண்டபோது அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ராயகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அத்தையின் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறைக்கு சங்கரன்கோவிலிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் அங்கே தங்கப் போயிருந்தோம். வீட்டை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடியது. குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் பிறந்த அம்மாவுக்கு, சித்திரை வெயிலில் தண்ணீர் தானாக ஓடி வருவதை நம்பவே முடியவில்லை.

"இந்தத் தண்ணி எங்கன இருந்து வருது?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"மேல இருந்துதான் மதினி."

"மேலன்னா எங்கன?"

"அத யாரு போய்ப் பாத்தா!" என்று அத்தை சிரித்தாள். அம்மா மாமாவிடம் கேட்டாள், ஆடு மேய்க்க வந்தவரிடமும் கேட்டாள். எல்லோரும் மலையைக் கைகாட்டினார்களே தவிர, இடத்தைச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. "வார தண்ணியில குளிச்சமா, துவைச்சமான்னு இரேன்" என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் வாய்க்கால் தண்ணீரின்றிக் கிடந்தது. மரங்களில் காய் பிடித்திருந்த நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும். கோடையில் ஊற்று வற்றிவிட்டது என்று சொல்லி மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அம்மா மட்டும் வாய்க்காலின் ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வத்துற தண்ணி கொஞ்சங் கொஞ்சமா வத்தும்லா? இது வெடுக்குன்னு நின்னுருக்கே" என்றாள். கிணறுகள் வற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனாலும் அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது அம்மாவைக் காணோம். தோட்டம் முழுக்கத் தேடினோம். மேலே கரடி நடமாட்டம் உண்டு என்று மாமா சொன்னதும் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இருவரும் கம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, வாய்க்காலில் கிடந்த சருகுகள் மெல்ல நகர்ந்தன. பின்னாலேயே கலங்கல் தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. அத்தை தண்ணீருக்குள் இறங்கி நின்று, "அண்ணே, பயப்படாதிய. மதினி மேலதான் இருக்கா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கை வரை சேறு, காலில் முள் கீறல்.

"ஒத்தையில போயிருக்கியே, கரடி வந்தா என்ன செய்வே?" என்று அப்பா கத்தினார்.

"ஒரு மரம் முறிஞ்சு குறுக்க கிடக்கு. சருகு அடைச்சு, தண்ணி பள்ளத்துக்குள்ள திரும்பிட்டு. தோண்டி விட்டேன், வந்துட்டு" என்றாள் அம்மா. கரடியைப் பற்றி அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. அத்தை அந்தச் சேற்றுக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மாவோ வெட்கத்தோடு, "அதுக்கு மேலயும் வருது. எங்கன இருந்துன்னு பாக்க முடியல" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அப்பாதான் முதலில் கிளம்பி நின்றார். "எந்தப் பக்கம்னு காட்டு" என்றார். அம்மா முன்னால் நடக்க, நாங்கள் எல்லோரும் வாய்க்காலை ஒட்டியே ஏறினோம். முறிந்த மரத்தைத் தாண்டி, மூச்சு வாங்க வெகுதூரம் ஏறிய பிறகு, பெரிய பாறை ஒன்றின் வெடிப்பிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது.

"போதுமா? பாத்துட்டியா?" என்றார் அப்பா.

அம்மா வெடிப்பில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, "பாறைக்குள்ள எங்கன இருந்து வருது?" என்று கேட்டாள்.

அப்பா சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் குனிந்து, அவள் கை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் தன் காதைப் பாறையில் வைத்தார்.