“டேய்” கேட்ட சார்ஜன்

அம்மா உடுப்புக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருப்பது ஒரு பிரெஞ்சுச் சிப்பாயின் வெள்ளைத் தொப்பிக்குள். ஒரு காலத்தில் அது எங்கள் பேசாலை வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், தூசு படாமல் இருந்தது. தொப்பிக்காரர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து மறைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை.

தாயில்லாப் பிள்ளையான மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். சண்டைக் காலத்தில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் வெயிலில் முழங்காலில் இருத்திய பிறகு அவர் நாட்டை விட்டு ஓடினார். ஓடிப் போய்ச் சேர்ந்தது எங்கே? இன்னொரு ஆமியில். பிரான்ஸ் படையில் வெளிநாட்டுக்காரரைச் சேர்க்கும் பிரிவில் கடைசிச் சிப்பாயாகப் புகுந்து, பாலைவனம், காடு என்று அனுப்பிய இடமெல்லாம் போய், கோப்ரலாகி, சார்ஜனும் ஆனார். சார்ஜனுக்குக் கறுத்த தொப்பியாம். அதனால் வெள்ளைத் தொப்பி எங்களுக்கு வந்தது. நானும் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சல்யூட் அடித்திருக்கிறேன். அந்த மயக்கம் ஒரு மத்தியானத்தோடு தெளிந்தது.

அன்று கோயில் திருநாள். வீடு நிறையச் சனம். லீவில் வந்திருந்த மாமா விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்திருந்து படைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டார்: “டேய், மீன்குழம்பு ஆறுது, வாடா!”

மாமா அசையவில்லை. “அக்கா, அங்க என்னைக் கண்டா எழும்பி நிக்கிறாங்கள். சனத்துக்கு முன்னால இந்த டேய், வாடா எல்லாத்தையும் விடுங்கோ.”

குரலில் கோபம்கூட இல்லை, கட்டளை மட்டும். யாரோ சிரித்தார்கள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். “சரி. வாங்கோ, சாப்பிடுங்கோ.”

அதற்குப் பிறகு அம்மா அவரை ஒருநாளும் ‘நீ’ என்றதில்லை. அவர் இன்னும் ஏறி, சார்ஜனுக்கு மேலே அஜுதான் ஆனார். நெஞ்சில் பதக்கம் கூடக் கூட, அம்மாவின் வாயில் மரியாதையும் கூடியது. அதையும் ஒரு சல்யூட் என்றே அவர் நினைத்துக்கொண்டார். மடையன்.

போன வருடம் ஓய்வு. மார்செய் நகரத்தில் தனி அறை. கட்டளையிட ஆளில்லை, கண்டதும் எழும்பி நிற்கவும் ஆளில்லை. பின்னேரமானால் போன் வரும்.

“அக்கா, ஒருக்கா பழையபடி டேய் எண்டு கூப்பிடுங்கோவன்.”

“ஐயையோ, பெரிய உத்தியோகம் பாத்த ஆள் நீங்கள். எனக்கு வாய் வருகுதில்லை.”

“பகிடி விடாதேங்கோ.”

“பகிடியோ? உங்களோடயோ?”

நான் பக்கத்தில் நின்று ரசிப்பேன். மாமா பாவம் என்று சொல்கிறவர்கள் அந்தத் திருநாள் மத்தியானத்தில் எங்கள் குசினி வாசலில் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும்.

நேற்றும் அப்படித்தான். போனைக் கிணற்றுக்கட்டில் சாத்திவிட்டு அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மாமா என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தார். ஊரில் திரியும் கழுதை ஒன்று வேலி இடுக்கால் தலையை நீட்டிப் படுக்கை விரிப்பைக் கவ்வியது.

“டேய்! விடடா! போடா அங்கால!”

போனுக்குள் குரல் துள்ளியது. “அக்கா! என்னையோ?”

அம்மா வெள்ளைத் தொப்பிக்குள் கையை விட்டு இன்னொரு கிளிப்பை எடுத்தார்.

“சீச்சீ, உங்களையோ? கழுதையை.”