சக்கரம் – நத்தைக்கல் காண்க

அச்சுப்பொறியிலிருந்து சூடாக வெளியே வந்த தாளில், ‘அரியலூர் மாவட்டம், ளுநந பெரம்பலூர் மாவட்டம்’ என்று ஒரு வரி இருந்தது. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்த ‘ளுநந’வை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, “இது எந்த ஊரு பாசைம்மா?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஒரு சொல்லைத் தேடுபவரை இன்னொரு சொல்லுக்கு அனுப்பும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. அதற்கென்று இருந்த பெட்டியில் ‘பார்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது. நான் அதை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தேன். எங்கள் தமிழ் எழுத்துருவில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் ‘ளுநந’ ஆகியிருந்தன. அதை நீக்கி அதே இடத்தில் ‘காண்க’ என்று அடித்துக் கொடுத்ததும் சார் அதையும் மறுத்துத் தலையசைத்தார். “தமிழ்ல வினை கடைசியில வரணும்மா. பெரம்பலூர் மாவட்டம் காண்க. அப்படிப் போடுங்க.” அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த நேரம் அது. பின்னால் திரும்பவும் பிரித்தார்கள். அப்போது அந்த வரியைத் திருத்தச் சொல்ல சார் இல்லை.

பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த தட்டச்சுக் கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, இவைதான் அங்கே வரும் வேலைகள். கடைக்கார அண்ணன் சாரிடம் கல்லூரியில் நிலவியல் படித்தவர். கல்லையும் மண்ணையும் படிக்கிற படிப்பு. படித்ததற்கு வேலை கிடைக்காமல் கடை வைத்துவிட்டவர். அந்த உரிமையில்தான் சார் தம் புத்தகத்தை அரியலூரிலிருந்து இவ்வளவு தூரம் தூக்கி வந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அந்தப் புத்தகம். ஒரு காலத்தில் கடலாக இருந்த நம் நிலத்தில் கல்லாகிக் கிடக்கும் உயிர்களைப் பற்றித் தமிழில் எழுதியிருந்தார். மழை பெய்து ஓய்ந்ததும் காரை கிராமத்துப் பக்கம் உள்ள ஓடைகளில் தானே பொறுக்கியவை, சுண்ணாம்புச் சுரங்கத்தில் லாரிக்காரர்கள் எடுத்துக் கொடுத்தவை என்று ஒவ்வொன்றுக்கும் படம் வைத்திருந்தார்.

புத்தகத்தை அடித்து முடித்தபோது, கடைசியில் ஒரு சொல்லடைவு வேண்டும் என்றார். எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் காட்டும் பட்டியல். நான் அதுவரை அப்படி ஒன்றைச் செய்ததில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்து அடையாளமிட்டால் மென்பொருளே பக்க எண்ணோடு அடுக்கிக் கொடுத்துவிடும் என்றார் அண்ணன். அடுக்கித்தான் கொடுத்தது. ஆனால் திரையில் தமிழாகத் தெரிந்தவை எல்லாம் உள்ளே ஆங்கில எழுத்துகளாக இருந்ததால் அதன் வரிசைப்படி ந முதலில் வந்தது, பிறகு க, ப, ம, அதற்கப்புறம்தான் அ. சார் அதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வெட்டி உரிய இடத்தில் ஒட்டினோம். ‘காண்க’ வரிகளில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சுருண்ட நத்தை போல் இருக்கும் கல்லுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் நத்தைக்கல் என்பார்கள். அறிவியலில் அதன் பெயர் அம்மோனைட். நத்தைக்கல்லுக்கு நேராகப் பக்க எண்ணைப் போட்டுவிட்டு, அம்மோனைட்டுக்கு ‘நத்தைக்கல் காண்க’ என்று போடச் சொன்னார். “அவங்க நம்ம சொல்லுகிட்ட வரட்டும்மா” என்றார். கல்லின் முதுகில் ஐந்து இதழ் விரிந்ததுபோல் இருக்கும் கடல் முள்ளெலிக்கும் அப்படித்தான், ‘பூக்கல் காண்க.’ பிழை திருத்த ஒரு பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்.

வரவில்லை. பல வாரம் கழித்து அவருடைய வீட்டம்மா வந்தார். உடையார்பாளையத்துப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். நிமிர்ந்த நடை, அதிர்ந்து பேசாத குரல். சாருக்குப் பக்கவாதம் வந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருப்பதாகச் சொன்னார். வலது கை விளங்கவில்லை. அதைவிட, சொல் போய்விட்டது. எல்லாம் புரிகிறது, ஆளைத் தெரிகிறது. எழுத்துக் கூட்டி மெல்லப் படிக்கவும் முடிகிறது. ஆனால் எதைச் சொல்ல நினைத்தாலும் வேறு ஒன்று வாயில் வருகிறது. தண்ணீர் கேட்க ‘சாவி’ என்கிறார். சாவியைக் கொடுத்தால் அழுகிறார்.

“பொழுதன்னிக்கும் அந்தப் புஸ்தகத்தைத்தான் மடியில வச்சிருக்காரு பாப்பா. எதையோ எனக்குக் காட்டணும்னு பாக்கறாரு. பின்னாடி பக்கத்துல ச எழுத்தைத் தொறந்து வெரலால தேய்க்கிறாரு. சக்கரம், சக்கரங்கறாரு. அங்க இல்ல. இல்லேன்னதும் புஸ்தகத்தைத் தூக்கி எறியறாரு. நாந்தான் ஒண்ணு ஒண்ணா படத்தைக் காட்டிக் கண்டுபுடிச்சேன். நத்தைக்கல்லைத்தான் சக்கரங்கறாரு. இதைப் பாக்கறதுன்னா அங்க போய்ப் பாருன்னு ஒண்ணு போடுவீங்கள்ல, அது மாதிரி இதுக்கும் போட்டுக் குடுத்தா, அவரே தேடிக்குவாரு.”

அண்ணன் எழுந்து வெளியே போனார். நான் கோப்பைத் திறந்தேன். ‘சக்கரம் – நத்தைக்கல் காண்க.’ பூக்கல்லை அவர் பன்னு என்றாராம். தேநீர்க் கடையில் கிடைக்கிற பன்னு. ‘பன்னு – பூக்கல் காண்க.’ கடைசிப் பக்கங்களை மட்டும் புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். எனக்குச் சொந்த ஊர் விக்கிரமங்கலம். பெரம்பலூரில் சித்தி வீட்டில் தங்கி வேலை பார்த்தேன். ஊருக்குப் போகும்போது அரியலூரில் பேருந்து மாற வேண்டும். அப்படி ஒரு முறை போகையில் சார் வீட்டம்மா அழைத்ததால் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

சார் சாய்வு நாற்காலியில் இருந்தார். முகத்தில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் உட்காரச் சொன்னார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, விரலை ச-வில் வைத்து மெல்ல இறக்கினார். சக்கரம். விரல் நின்றது. பக்கவாட்டில் நகர்ந்தது. உதடுகள் எழுத்துக் கூட்டின. தாள்களைப் புரட்டி ந-வுக்கு வந்தார், நத்தைக்கல்லைக் கண்டார், எண்ணைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். படத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, “சக்கரம்” என்று சொல்லிவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனின் முகம் அது. “ஆமாங்க, சக்கரந்தான்” என்றார் அம்மா. நான் என் வாழ்க்கையில் செய்த எந்த வேலையும் அப்படி ஒரு முகத்தை உண்டாக்கியதில்லை.

அதன் பிறகு அம்மா அடிக்கடி வந்தார். கல்மரத்துக்கு ஏணி. சிப்பிக்குக் காது. ஒவ்வொரு முறையும் நான் ‘காண்க’ வரிகளைச் சேர்த்து, கையால் வரிசைப்படுத்தி, பக்கங்களை மாற்றிக் கொடுப்பேன். ஒரு நாள் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேறு வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்துவிட்டு, சிரிக்கலாமா என்று யோசிப்பவர்போல என்னைப் பார்த்தார்.

“என்னைய பஸ்ஸுன்னு கூப்புடறாரு பாப்பா.”

“பஸ்ஸா?”

“முந்தாநேத்துலேர்ந்து. கொல்லையில இருந்தா பஸ், பஸ்ஸுன்னு சத்தம் போடறாரு. போயி நின்னா அமைதியாயிடறாரு. நாலு பேரு முன்னாடியும் அப்படித்தான் கூப்புடறாரு.” புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். “முன்னுரையில எம்பேரு ஒரு எடத்துல போட்டிருக்காருல்ல? அதையும் பின்னாடி போட முடியுமா? பஸ்னு பாத்தா எம்பேருகிட்ட வர மாதிரி.”

முன்னுரையின் கடைசிப் பத்தியில், வெயிலில் தன்னோடு அலைந்தவர் என்று ஒரு வரியில் அம்மாவின் பெயர் இருந்தது. முதலில் அந்தப் பெயரை அடையாளமிட்டுச் சொல்லடைவில் சேர்த்தேன். கல்லாகிப்போன மீன்களுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒரு மனுஷியின் பெயர். பிறகு ப எழுத்தில், ‘பஸ்’ என்று அடித்து, அவர் பெயரைக் ‘காண்க’ என்று முடித்தேன். அம்மா திரைக்கு அருகில் குனிந்து அதைப் படித்தார். தம் பெயரை அவர் அப்படி உற்றுப் பார்த்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

அந்தப் பக்கங்கள் சாருக்கு உதவினவா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை வந்தபோது அம்மா களைத்திருந்தார். சார் இப்போது நத்தைக்கல்லைச் சக்கரம் என்பதில்லை. ஊஞ்சல் என்றார், இரண்டு நாள் கழித்து வேறொன்று. சொற்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் ஊஞ்சலைச் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தபோது, அரியலூர் போய்ச் சேர்வதற்குள் அது பழையதாகிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. இன்னொரு முறை பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு ‘அப்புறம்’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம். வகுப்பில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் சார் அப்படித்தான் சொல்வார் என்றார் அண்ணன். பிள்ளைகள் எண்ணிச் சிரிப்பார்களாம்.

“அப்புறம்னு ஒண்ணு போடலாமா பாப்பா?” என்று அம்மா கேட்டார்.

“எந்தப் பக்கம்னு போடறதுங்கம்மா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே ஒரு பக்கத்தைத் தேடுகிறவர்போல யோசித்தார். “எந்தப் பக்கம்னு சொல்றது” என்றார் கடைசியில். அன்று எதையும் அச்சடிக்காமல் திரும்பிப் போனார்.

நான் கடைசியாகச் சாரைப் பார்த்தபோது புத்தகம் மடியில் இருந்தது. திறந்துதான் இருந்தது. இடது கை விரல் பக்கத்தின் மேலிருந்து கீழே இறங்கியது. எங்கும் நிற்கவில்லை. தாளின் விளிம்பைத் தாண்டி நாற்காலியின் கைக்கு வந்து, அங்கேயே இருந்தது. அம்மா அதை எடுத்து மறுபடி பக்கத்தின் மேல் வைத்தார். அது மறுபடி இறங்கியது. சார் புத்தகத்தை மூடி, விருந்தாளிக்கு எதையோ கொடுப்பதுபோல மரியாதையாக என் பக்கம் தள்ளினார். நான் வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கிளம்பும்போது அவர் மடியிலேயே வைத்தேன்.

மாசி மாதத்தில் சார் இறந்துபோனார். துக்கம் கேட்க நானும் அண்ணனும் போனோம். வெயில் தாழ்ந்த நேரத்தில் இறுதி ஊர்வலம் போக, சிமெண்டு லாரிகள் வரிசையாக நின்று வழிவிட்டன. சில மாதம் கழித்து அம்மா கடைக்கு வந்தார். புத்தகத்தை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்றார். திருச்சியில் ஒரு அச்சகக்காரரிடம் காட்டியிருந்தார். அவர் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, சக்கரம், பன்னு, ஏணி, பஸ் என்றெல்லாம் பிழைகள் நிறைய இருப்பதாகவும், அவற்றைத் திருத்திக்கொண்டு வரும்படியும் சொல்லியிருந்தார்.

“வியாதில சொன்ன வார்த்தைன்னு நீங்க சொல்லலையாம்மா?” என்று கேட்டேன்.

“சொல்லல. அத எதுக்கு அவருகிட்ட சொல்லணும்? படிச்ச மனுசன் எழுதின புஸ்தகம். அவரு நல்லா இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வரட்டும். எடுத்துடு பாப்பா.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு வரியை நீக்கியதும் கீழிருக்கும் வரிகள் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். இடைவெளிகூட மிஞ்சாது. ஊஞ்சலை எடுத்தேன், ஏணியை, காதை. பஸ் வந்தபோது கையை நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

“அதையுந்தான்” என்றார். பிறகு, “எம்பேரையும் பின்னாடிலேர்ந்து எடுத்துடு. முன்னாடி இருக்கறது போதும்” என்றார். சக்கரத்தை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டுச் சுட்டிக்காட்டினார்.

புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதற்குள் எனக்குத் திருமணமாகி, கடையைவிட்டு நின்றிருந்தேன். இப்போது தமிழில் எதை அடித்தாலும் கணினியே அகர வரிசையில் ஒழுங்காக அடுக்கிவிடுகிறது. வெட்டி ஒட்ட வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. ஆனால் அன்றைக்கு அம்மா விக்கிரமங்கலத்தில் என் பிறந்த வீடு வரை தேடிவந்து பிரதியைக் கையில் கொடுத்தபோது நான் முதலில் புரட்டியது கடைசிப் பக்கங்களைத்தான். கடைசி இயல் முடிந்தது. அடுத்து ஒரு வெற்றுத்தாள். அதற்கடுத்து அட்டை. சொல்லடைவே இல்லை. நானும் சாரும் வெட்டி ஒட்டி அடுக்கியது முழுவதும் போயிருந்தது. நான் அந்த வெற்றுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அம்மா கவனித்துக்கொண்டிருந்தார்.

“பக்கம் கூடுதுன்னு விட்டுட்டாங்களாம்” என்றார். “போவட்டும் பாப்பா. தேடறவரே போயிட்டாரு.”