காட்டில் ஒன்பது நாள்

வெர்லின் சோரன்சன் அமெரிக்காவில் ரசீன் நகரத் தண்ணீர்த் துறையில் மீட்டர் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். முப்பத்தொரு வருடமாகச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவர் வீட்டு நிலவறையில் ஒரு கற்பனை ராஜ்யம் நடக்கிறது, கதை சொல்லி ஆடும் ஆட்டமாக. பகடை, பென்சில், காகிதம், அவ்வளவுதான். நாங்கள் ஆளுக்கொரு வீரராகப் பேசுவோம். மழை, ஓநாய், சத்திரக்காரன், மற்ற எல்லாமாக வெர்லின் பேசுவார்.

ஆட்டத்தில் எதற்கும் அவரிடம் கெஞ்சிப் பார்க்கலாம், நேரத்துக்கு மட்டும் முடியாது. வெளியே ஒரு வாரம் போனால் ராஜ்யத்திலும் ஒரு வாரம் போகும். மாதங்களுக்கு மட்டும் வேறு பெயர். நவம்பர் என்று யாராவது வாய் தவறினால் பென்சிலால் மேசையைத் தட்டுவார். கரிமாதம் என்று திருத்திய பிறகுதான் பகடை உருளும்.

ராஜ்யத்துக்கு வடக்கே ஒரு மாயக்காடு. அங்கே ஒரு நாள் என்றால் இங்கே ஒரு வருடம். மலைக்கடியில் இருக்கும் உலகம் நேர் எதிர்: இங்கே ஒரு வருடத்துக்குள் அங்கே நூறு போய்விடும். ஆட்டத்துக்கு வராதவர்களின் வீரர்களை வெர்லின் காட்டுக்குத்தான் அனுப்புவார். ஒரு வாரம் வராவிட்டால், அரைமணி நேரம் காளான் பறித்துவிட்டு வந்ததாகக் கணக்கு. நாளடைவில் எங்களுக்கு அது பேச்சு வழக்காகிவிட்டது. சொன்ன நாளில் வராத குழாய் ரிப்பேர்காரரைக்கூட, "அவன் காட்டுல இருக்கான்" என்பார் வெர்லினின் மனைவி.

எங்களோடு ஆடிய லாயிஸ் என்ற பெண் காட்டுக்குப் போய் ஒன்பது வருடம். அவரும் அவர் தம்பி கர்ட்டும் எங்கள் மேசையில்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்றார் லாயிஸ். கூடாது என்றார் கர்ட். லாயிஸ் டுலூத் நகரத்துக்குக் குடிபோனார். கூரை வேலை செய்யும் கர்ட் அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அம்மாவின் அடக்கத்துக்கு லாயிஸ் வரவில்லை.

இந்த மார்ச்சில் ஊர் திரும்பிய லாயிஸ் வெர்லினுக்கு ஃபோன் செய்து, தன் இடம் இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறது, வா என்றாராம் அவர். சனிக்கிழமை லாயிஸ் வந்து உட்கார்ந்ததும் கர்ட் அக்காவைப் பார்க்கவில்லை, வெர்லினைப் பார்த்தார்.

"இவ போனது காட்டுக்கு இல்ல, மலைக்கடிக்குன்னு எழுதிடு. தொள்ளாயிரம் வருஷம் ஆயிருக்கும். எலும்புகூட மிஞ்சாது."

"காடுன்னு எழுதியிருக்கேன்."

"பென்சில்லதானே எழுதினே?"

"பென்சில்ல எழுதினாலும் காடு காடுதான்."

எங்களோடு ஆடும், பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா கிரிங்கிள் என்ற இனிப்பு ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். "ஒம்பது வருஷமா அந்த நாற்காலியில என் குளிர்க்கோட்டைப் போட்டு வெச்சிருந்தேன். அதுக்கு இப்ப நான் எங்க போறது?"

யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒம்பது நாள் வேணாம், வெர்லின்," என்றார் லாயிஸ். "ஒம்பது வருஷமே போடு. முடி நரைச்சிருக்குன்னு எழுது. முழங்கால் வலின்னு எழுது."

"விதிப்படி ஒம்பது நாள்."

"இவன் ஆடுற தளபதி ராஜ்யத்துல கெழவனாயிட்டான். நான் அதே இருபத்தாறு வயசுல போய் நின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடும்ல."

கர்ட் அப்போதுதான் அக்கா பக்கம் திரும்பினார்.

வெர்லின் மசியவில்லை. "அவன் கேட்டும் மாத்தல, நீ கேட்டும் மாத்த மாட்டேன். சொல்ல வேண்டியதை யாராவது சொல்லுங்க, ஆரம்பிக்கலாம்."

அதுவும் இந்த மேசையின் வழக்கம். காட்டிலிருந்து வருபவருக்கு, இங்கே இருந்தவர் நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் வந்தவர் காட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். டார்லாவின் வீரர்கள் மூன்று முறை செத்தாயிற்று. என் ஆள் போன வருடம்தான் பிறந்தான். ஒன்பது வருடமும் உயிரோடு இருந்தது கர்ட்டின் தளபதி மட்டும்.

கர்ட் பகடையை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு தளபதியின் கரகரத்த குரலில் ஆரம்பித்தார்.

"மொத வருஷம் வெள்ளத்துல பாலம் போச்சு. ரெண்டாவது வருஷம் வடக்கு வாசல்ல ஓநாய்ங்க. இந்தக் கண்ணு அப்பத்தான் போச்சு. அந்த வருஷக் கடைசியில கோட்டைக் கெழவி செத்துப்போனா. நவம்பர் பதினாலு. ஓட்ஸ் கஞ்சியைப் பாதியில வெச்சுட்டுப் படுத்தவ எந்திரிக்கல."

கோட்டையில் கிழவி என்று யாரும் இருந்ததில்லை. வெர்லினின் பென்சில் கையில்தான் இருந்தது. அவர் தட்டவில்லை.

"கூட யார் இருந்தாங்க?" என்று கேட்டார் லாயிஸ்.

"நான்தான்."

"ஏதாவது சொன்னாங்களா?"

"உன்னைக் கேட்டாங்க. கடைக்குப் போயிருக்கான்னு சொன்னேன்." குரல் தளபதியுடையதாக இல்லை.

லாயிஸ் தலையாட்டினார். "சரி. அப்புறம் மூணாவது வருஷம்?"

மூன்றாம் வருடம் தானியக் கிடங்கில் தீ. நான்காம் வருடம் ஒரு கல்யாணம், அதில் ஒரு அடிதடி. அதற்குள் மணி நாலரை ஆகிவிட்டது. அன்று யாரும் பகடையே உருட்டவில்லை. கர்ட் எழுந்து தொப்பியை மாட்டினார்.

"மிச்சம் அஞ்சு வருஷம் அடுத்த வாரம். பாதிக்கு மேல கூரை ரிப்பேர்தான். தூங்கிடாதே."

"நீ சொல்ற லட்சணத்துக்குத் தூக்கம் வரத்தான் செய்யும்," என்றார் லாயிஸ். பிறகு வெர்லினைக் கேட்டார்: "அதுவரைக்கும் நான் காட்டுலயா, வெளியிலயா?"

பாதி சொல்லி நிறுத்தினால் என்ன செய்வதென்று விதி எதுவும் இல்லை. வெர்லின் நோட்டைப் புரட்டி, 'காட்டின் ஓரம்' என்று எழுதினார். அப்படி ஓர் இடத்தை அந்த நோட்டில் நான் அதுவரை பார்த்ததில்லை.

"அங்க நேரம் எப்படிப் போகும்?" என்று கேட்டார் டார்லா.

"இங்க மாதிரிதான். ஒரு வாரம்னா ஒரு வாரம்."