இரண்டாவது டாக்டர்

காது டாக்டர் சட்டை வாங்கப் போன கதையை அவர் மனைவி பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீலமா சாம்பல் நிறமா என்று மனுஷர் கடையில் ஒரு மணி நேரம் நின்றார். மனைவியைக் கேட்டார், கடைக்காரரைக் கேட்டார், உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்த முன்பின் தெரியாத ஒருவரையும் நிறுத்திக் கேட்டார். கடைசியில் வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தார். ஆள் தங்கமானவர்தான். ஒரு முடிவு எடுப்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. மதில்மேல் பூனைகூட ஏதாவதொரு பக்கம் குதித்துவிடும். இவர் மதிலிலேயே பாய் விரித்துப் படுத்தவர்.

காது, மூக்கு, தொண்டை என்று அவர் போய் ஒதுங்கியதும் இதனால்தான். படிக்கிற காலத்தில் பிரசவ வார்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாளே மயங்கி விழுந்தார். அங்கே குழந்தையைக் கவனிப்பதா இவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பதா என்று நர்சுகள் திண்டாடிப்போனார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் மழைக்குக்கூட அவர் ஒதுங்கவில்லை. "காது வலியில ஆள் செத்துட்டான்னு இதுவரைக்கும் யாரும் கேஸ் போட்டதில்ல" என்பார் மனைவியிடம். அதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

ஆனால் விதி யாரை விட்டது? அவர் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருக்கும் இரண்டு மாடிக் கட்டிடம். மொத்தம் இரண்டே டாக்டர்கள். கீழே இவர், மேலே லேடி டாக்டர். அந்த நாட்டுச் சட்டமோ, கருவைக் கலைக்க வேண்டுமானால் இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும் என்றது. இருபது வாரம் தாண்டினால் அதுவும் கிடையாது. சேர்ந்த முதல் வாரமே லேடி டாக்டர் இறங்கி வந்து இவர் மேசை முன்னால் நின்றார்.

"நான் காது டாக்டர்ங்க."

"சட்டத்துல டாக்டர்னுதான் இருக்கு. எந்த உறுப்புன்னு எழுதலை."

"இரண்டாவது டாக்டரும் நோயாளியை நேர்ல பரிசோதிக்கணும்னு இருக்கே."

"பரிசோதிங்க."

பரிசோதித்தார். எதை? அவருக்குத் தெரிந்ததைத்தான். மேலே எத்தனையோ கவலையோடு வந்த பெண்களெல்லாம் கீழே வந்து, முக்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்கள். அவர் விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்ப்பார். அழுக்கு இருந்தால் எடுத்துவிடுவார். "ரெண்டும் நல்லா இருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போடுவார். ஒருத்தி மிரண்டுபோய், "காது வழியாவா டாக்டர் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றித் தீர்மானிக்க வழியில் போகிறவனும் வரலாம் என்று எழுதிவைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தால் இன்னும் நல்லது.

வாரக் கணக்குதான் அவருக்குப் பெரிய தலைவலி. லேடி டாக்டர் ஒருமுறை பொறுமையாக விளக்கினார்.

"கடைசி மாதவிலக்கு ஆரம்பிச்ச நாள்ல இருந்து எண்ணணும்."

"அன்னிக்குக் கரு உண்டாகியிருக்காதே?"

"இருக்காது."

"எப்ப உண்டாகும்?"

"ஏறக்குறைய ரெண்டு வாரம் கழிச்சு."

காது டாக்டர் விரலை மடக்கிப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு வாரம் யாரு கர்ப்பமா இருந்தா?"

"சட்டம் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு லேடி டாக்டர் படியேறிப் போய்விட்டார்.

அதிலிருந்து காது டாக்டர் இன்னும் உஷாரானார். அந்தப் பெண் சொல்லும் தேதியும் ஸ்கேன் சொல்லும் வாரமும் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. மனைவியை எழுப்பி, "ஒருத்தி பதினோரு வாரம்ங்கிறா, ஸ்கேன் பத்துங்குது. நீ என்ன நினைக்கிற?" என்பார். "நான் தூங்க நினைக்கிறேன்" என்று அந்த அம்மா திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்படியே பல வருடம் ஓடியது. முதலில் லேடி டாக்டர் சொல்வார், இரண்டாவதாக இவர் தலையாட்டுவார். பழி வந்தாலும் பாதிதான் வரும் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

ஒருநாள் லேடி டாக்டர் ஏதோ பயிற்சி வகுப்பு என்று மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஊருக்குப் போயிருந்தார். மத்தியானம், பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் ஒருத்தியை அவள் கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். ஐந்தாவது மாதம். பல வருடம் காத்திருந்து உண்டான குழந்தை. இரண்டு நாளைக்கு முன்னால் தண்ணீர்க்குடம் உடைந்திருக்கிறது. அவளுக்கு அது புரியவில்லை. பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று வேனை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது.

மேல் மாடியை ஆளும் நர்சை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் பார்த்தார், ஆன்டிபயாடிக் ஏற்றினார், லேடி டாக்டரை ஃபோனில் பிடித்தார், காது டாக்டரை மேலே வரவழைத்து ஃபோனை அவர் கையில் கொடுத்தார்.

"கர்ப்பப்பையில கிருமி ஏறிடுச்சு" என்றார் லேடி டாக்டர். "குழந்தை பிழைக்க வழியில்லை. அது வெளியே வந்தாத்தான் அந்தப் பொண்ணு பிழைப்பா. வலி வர மருந்து இப்பவே ஆரம்பிக்கணும். சிஸ்டருக்கு எல்லாம் தெரியும், நானும் கிளம்பிட்டேன். ஆனா நேர்ல பார்த்த டாக்டர் ஒருத்தர் சொல்லணும்."

"அதான் நீங்க சொல்லிட்டீங்களே."

"நான் நேர்ல பார்க்கலை. நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டாவதா சொல்றேன். முதல்ல வேற யாராவது சொல்லட்டும்."

"உயிருக்கு ஆபத்துன்னா ஒருத்தர் போதும். ரெண்டாவது டாக்டரே கிடையாது. முதலும் நீங்கதான், கடைசியும் நீங்கதான்."

காது டாக்டர் பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினார். "பெரிய ஊருக்கே அனுப்பிடலாமே சிஸ்டர்?"

"பிரஷர் இறங்கிட்டே இருக்கு. ஏத்தி அனுப்பினா பாதி வழியில போயிடுவா."

"எத்தனை வாரம்?"

கேட்டிருக்கவேண்டாம். அவள் சொன்ன தேதிப்படி இருபத்தொன்று, ஸ்கேன்படி பத்தொன்பது. சட்டம் போட்ட கோடு நட்டநடுவே கிடந்தது. காது டாக்டர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பெரிய சிஸ்டர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன டாக்டர்? உயிருக்கு ஆபத்துன்னா வாரக் கணக்கே இல்லைன்னு அதே சட்டத்துலதான் இருக்கு."

அதற்குள் ஆஸ்பத்திரி மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். வக்கீல் கோர்ட்டில் இருக்கிறாராம், ஃபோனை அணைத்து வைத்திருக்கிறாராம்.

"ஆபத்துதான் டாக்டர், நான் இல்லைன்னு சொல்லலை" என்றார். "ஆனா எவ்வளவு ஆபத்து? நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்வோம்? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே. காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி ஏறட்டும், பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும். அப்புறம் ஒரு பய கேள்வி கேட்க முடியாது."

காது டாக்டர் அவரை வெறித்துப் பார்த்தார். இந்தப் பேச்சு அவருக்கு நன்றாகப் பழகிய பேச்சு. அத்தனை வருடமாக அவரே பேசியது. தன் வாயிலிருந்து வந்தபோதெல்லாம் ஜாக்கிரதை என்று தோன்றியது. மேனேஜர் வாயிலிருந்து கேட்டபோது குமட்டியது. அவர் அறைக்குள் போனார்.

கட்டிலின் கால்மாட்டில் கணவர் அவளுடைய செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதை எங்காவது வைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. காது டாக்டர் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து காது பார்க்கும் விளக்கை எடுத்துவிட்டார்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது டாக்டர்" என்றாள் அவள். "வெளிய பேசினது பூராவும் கேட்டுச்சு."

அவர் விளக்கைக் கீழே இறக்கினார்.

"நான் இன்னும் எவ்வளவு மோசமாகணும்னு மட்டும் சொல்லுங்க. ஆயிடறேன்."

செருப்போடு நின்ற கணவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். காது டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. விளக்கைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தறிகெட்டு ஓடியது. கை கொதித்தது, விரல் நுனி மட்டும் சில்லிட்டிருந்தது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று மாணவனாக இருந்தபோது அவரும் படித்துத்தான் பாஸ் பண்ணியிருந்தார். மறந்துபோகவில்லை; மறந்த மாதிரி இருப்பது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

"சிஸ்டர் எல்லாம் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க. பிழைக்காதுன்னு."

"இதயம் இன்னும் துடிச்சிட்டுத்தான் இருக்கு. உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பேர்கூட யோசிச்சு வெச்சிருந்தோம்" என்றாள். பிறகு, "செய்யுங்க" என்றாள். கணவரும் தலையசைத்தார்.

"ஆரம்பிங்க சிஸ்டர்" என்றார் காது டாக்டர். குரல் எழும்பவே இல்லை. பெரிய சிஸ்டர், "என்ன டாக்டர்?" என்றார். அவருக்குக் கேட்டிருக்கும், அது எனக்கு நிச்சயம். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நினைத்திருப்பார். மறுபடி சொன்னது நடைபாதையில் நின்ற மேனேஜர் வரைக்கும் எட்டியது.

லேடி டாக்டர் வந்து சேர்ந்தபோது வலி எடுத்திருந்தது. மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். குழந்தை போயிற்று. தாய்க்கு விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. காது டாக்டர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை லேடி டாக்டர் பார்த்தார். துக்கமா, பயமா, நிம்மதியா என்று கேட்டிருந்தால் அதையும் அவரால் தீர்மானித்திருக்க முடியாது. லேடி டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

விவகாரம் அதோடு முடியுமா? சில வாரம் கழித்து சுகாதார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இரும்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் காது டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மேனேஜர், யாரோ தன்னைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுபோல நின்றார்.

"நீங்க காது டாக்டர்."

"ஆமா சார்."

"வாரக் கணக்கு ரெண்டு விதமா இருக்கு."

"ஆமா சார்."

"லேடி டாக்டர் மூணு மணி நேரத்துல வந்துட்டாங்க. அதுவரைக்கும் நீங்க பொறுத்திருக்கலாமே?"

"பொறுத்திருக்கலாம் சார்."

மேனேஜர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். அதிகாரி முன்னால் சாய்ந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது. எத்தனை ஆஸ்பத்திரி பார்த்தவர், எங்கே பிடிக்கவேண்டும் என்று தெரியாதா?

"பொறுத்திருந்தா அந்தப் பொண்ணு செத்திருப்பாங்கன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

காது டாக்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரிடமும் யோசனை கேட்கவும் இல்லை.

"முடியாது சார்" என்றார். "அவங்க உயிரோட இருக்காங்க."